அரும்பும் கணக்கு

ஐம்பத்திரண்டில் முப்பத்தேழு போனால் மீதி எவ்வளவு? பல குழந்தைகள் 25 என்று எழுதிவிடுகின்றன. உடனே "மக்கு" என்று பட்டம் சூட்டுகிறோம். குழந்தையோ யோசிக்காமல் எழுதவில்லை. இரண்டில் ஏழு போகாதாகையால், ஏழில் இரண்டைக் கழித்து வைத்தது! பட்டத்தைக் கேட்டுக் கேட்டு, "எனக்குக் கணக்கு வராது" என்று அதுவே தீர்மானித்துவிட்டால், பிறகு மாற்றுவது அரிது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வானம் பார்த்த சீமையில் பருத்திமாருக்குப் பஞ்சமில்லை. அதைக் குச்சிகளாக ஒடித்து, பத்துப் பத்தாகக் கட்டச் சொல்லுங்கள். ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் எதிரே இருக்கட்டும். முப்பத்தேழை எடுக்கும்போது, உதிரி போதாதென்று குழந்தை ஒரு கட்டைத் தானே அவிழ்க்கும். மீதி 15. "கடன் வாங்குதல்" என்பதன் பொருள் அப்பொழுதுதான் அதற்கு விளங்கும்.

2022-ஆம் ஆண்டு தமிழக அரசுப் பள்ளிகளில் தொடங்கிய "எண்ணும் எழுத்தும்" திட்டம், முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அவரவர் அறிந்த அளவைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது. அருப்புக்கோட்டையின் பழம்பெயரே அரும்புக்கோட்டை என்பாருண்டு. மல்லிகை பயிரிடும் அவ்வூராருக்குத் தெரியும்: அரும்பை விரலால் பிரித்து மலர்விக்க முடியாது. அந்தப் பொறுமை நம் வீட்டிலும் வேண்டாமா?