சந்தா கட்டுவதா, வேண்டாமா?

எங்கள் வீட்டில் கடந்த இரண்டு வாரங்களாக ஒரே பேச்சு. ஊரில் பழைய அரிசிக் களஞ்சியமாக இருந்த கட்டிடத்தின் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்து, பெண்கள் சிலர் சேர்ந்து பொதுத் தையற்கூடம் ஒன்றை நடத்துகிறார்கள். அங்கே அங்கத்தவராகச் சேர நுழைவுக் கட்டணம் 500 ரூபா, மாதச் சந்தா 1,200 ரூபா. சேருவோமா என்று நான் கேட்டேன். வாப்பா பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

“வீட்டுல மெசின் இருக்குதானே மகள். இருக்கிற மெசின விட்டுப்போட்டு மாசம் மாசம் காசு கட்டித் தைக்கிறதா?”

நியாயமான கேள்வி. உம்மா இருபது வருடங்களாக அந்தச் சிங்கர் மெசினில்தான் தைக்கிறார். பாடசாலைச் சீருடை, அபாயா, சல்வார், பக்கத்து வீட்டுக் குழந்தையின் உடுப்பு எல்லாம் அதில்தான். பிறகு எதற்குச் சந்தா? இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதல்ல என்று நினைக்கிறேன். தையலுக்குப் பதிலாகக் கணினியோ, கேக் அடுப்போ, தச்சுக் கருவியோ என்று வைத்துப் பார்த்தாலும் கேள்வி ஒன்றுதான். பலர் சேர்ந்து வைத்திருக்கும் ஒரு பொருளுக்கு நம் காசைக் கொடுப்பது புத்தியா, ஏமாளித்தனமா? அதனால்தான் தோழியருக்கும் பெற்றோருக்குமாக இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கைச் சொல்கிறேன். கணக்கு இல்லாமல் வாப்பாவிடம் பேச முடியாது.

உம்மாவின் மெசின் நேர்த்தையல் மட்டுமே போடும். துணியின் ஓரம் நூல் பிரியாமல் இருக்க ஓவர்லொக் அடிக்க வேண்டும். அதற்கு உம்மா தைத்ததைப் பையில் போட்டுக்கொண்டு சந்தைப் பக்கக் கடைக்குப் போவார். ஓர் உடுப்புக்கு 80 ரூபா. சாதாரண மாதத்தில் பன்னிரண்டு உடுப்பு இருக்கும். பெருநாள் மாதத்திலும், புதிய வகுப்புத் தொடங்கும் மாதத்திலும் நாற்பதுக்குக் குறையாது. வருடத்துக்கு ஏறத்தாழ 200 உடுப்பு. ஓவர்லொக்குக்கு மட்டும் 16,000 ரூபா போகிறது. சந்தா கட்டினால் முதல் வருடச் செலவு நுழைவுக் கட்டணத்தோடு 14,900 ரூபா. மிச்சம் 1,100 ரூபாதான். சொந்தமாக ஓவர்லொக் மெசின் வாங்கலாமா என்று கடையில் கேட்டபோது ஒரு இலட்சத்துக்கு மேல் சொன்னார்கள். அது எங்கள் பேச்சிலிருந்து அன்றே நீங்கிவிட்டது.

ஆனால் வாப்பா விடவில்லை. அந்தக் கூடத்தில் அங்கத்தவராகாமலே ஒரு நாளைக்கு 200 ரூபா கொடுத்துத் தைக்கவும் முடியும் என்பதை அவர் எங்கோ கேட்டு வந்திருந்தார். சாதாரண மாதத்தில் கிழமைக்கு ஒரு நாள் போனால் 800 ரூபா. வேலை கூடிய மாதத்தில் பன்னிரண்டு நாள் போனால் 2,400 ரூபா. வருடத்துக்கு 12,800 ரூபா. சந்தாவை விட 2,100 ரூபா குறைவு!

“பாத்தியா? மெம்பர் ஆகாம இருக்கிறதுதான் லாபம்” என்றார் வாப்பா.

கணக்கு அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. ஆகவே உம்மாவையும் கூட்டிக்கொண்டு 200 ரூபா கொடுத்து ஒரு நாள் போய்ப் பார்த்தேன்.

உள்ளே ஐந்து மெசின்கள். மூன்று, தொழிற்சாலைகளில் பாவிக்கும் வேகமான நேர்த்தையல் மெசின்கள். இரண்டு ஓவர்லொக். அந்தப் பெரிய மெசின் நிமிடத்துக்கு ஐயாயிரம் தையல் வரை போகக்கூடியது. வீட்டு மெசினில் பழகிய காலால் அதை மிதித்தபோது துணி என் கையை விட்டு ஓடிவிட்டது. ஊசியும் முறிந்தது. நான் பயந்துபோனேன். பக்கத்தில் இருந்த ராத்தா சிரித்துக்கொண்டே, “மெதுவா மிதி தங்கச்சி, பலமா அமத்தாத” என்று சொல்லி, புதிய ஊசி போட்டுத் தந்தார். ஓவர்லொக்கில் நூல் நிறம் மாற்றுவதற்கு நான்கு நூலையும் முதலிலிருந்து கோக்க வேண்டியதில்லை, பழைய நூலை அறுத்து அதன் முனையில் புதிய நூலை முடிந்து இழுத்தால் அதுவாகவே வழி தெரிந்து வந்துவிடும் என்பதையும் அவரிடம்தான் கற்றேன். ஒரு மணித்தியாலம் போகவேண்டிய வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

ஆனால் அன்று உண்மையில் கற்றுக்கொண்டது உம்மாதான். தேநீர் குடிக்கும் நேரம் ஒருவர் சாதாரணமாகக் கேட்டார்: “நீங்க ஒரு அபாயா தைக்க எவ்வளவு எடுக்கிறீங்க?”

“அறுநூறு” என்றார் உம்மா.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர் மெதுவாக, “நாங்க ஆயிரம் எடுக்கிறம்” என்றார்.

உம்மா முகம் மாறியதை நான் பார்த்தேன். நூலும் ஊசியும் மின்சாரமும் விலை ஏறியிருந்தும், 2022 இல் நாடே வரிசையில் நின்ற நாட்களைத் தாண்டி வந்தும், உம்மா கூலியை ஐம்பது, நூறு என்றுதான் கூட்டியிருந்தார். மற்றவர்கள் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று கேட்பதற்கு அவருக்கு ஆளில்லை. வீட்டின் பின்னறையில் தனியாக இருந்து தைப்பவருக்கு விலையைச் சொல்வது துணி கொண்டு வருபவர்தான். எத்தனையோ வீடுகளில் நம் தாய்மார் இப்படித்தான் தைக்கிறார்கள், பலகாரம் செய்கிறார்கள், ரேந்தை பின்னுகிறார்கள். ஒருவர் உழைப்பின் பெறுமதி மற்றவருக்குத் தெரியாது.

வாப்பாவின் கணக்கில் இது இல்லை. ஆனால் நியாயமாகப் பார்த்தால், இந்த நன்மையை நாங்கள் சந்தா கட்டாமல் 200 ரூபாவுக்கே பெற்றுக்கொண்டோம். அப்படியென்றால் இன்னும் வாப்பா சொல்வதுதானே சரி?

இதற்கு விடை சுவரில் தொங்கியது. கூடத்தின் மாதக் கணக்கை ஒரு மட்டையில் எழுதி வாசலருகே மாட்டியிருந்தார்கள். வாடகை 18,000, மின்சாரம் 8,000, எண்ணெய், ஊசி, திருத்த வேலை 6,000, மொத்தம் 32,000 ரூபா. வரவில் 19 அங்கத்தவரின் சந்தா 22,800. நாட்கட்டணமாக வந்தது சுமார் 6,000. ஒவ்வொரு மாதமும் 3,200 ரூபா துண்டு விழுகிறது. ஆரம்பத்தில் கிடைத்த நன்கொடையின் மீதி 20,000 ரூபாவிலிருந்து அதைச் சமாளிக்கிறார்கள். அது ஆறு மாதத்துக்குத்தான் வரும். அதற்கிடையில் இன்னும் மூன்று பேர் சேர்ந்தால் கூடம் நிற்கும். சேராவிட்டால் பூட்டு.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாட்கட்டணம் பெருநாளுக்கு முன்னர் குவியும், மழைக்காலத்தில் வராது. கட்டிடக்காரருக்கு வாடகை மழையிலும் வேண்டும். நாட்கட்டணக்காரர் மலிவாகத் தைப்பதே, யாரோ பத்தொன்பது பேர் போகாத நாளுக்கும் சேர்த்துக் காசு கட்டுவதனால்தான். எல்லோரும் வாப்பாவைப் போலவே புத்தியாகக் கணக்குப் பார்த்தால், அந்த 200 ரூபாக் கதவும் திறந்திருக்காது. அப்படிப் பார்த்தால் வித்தியாசமான 2,100 ரூபா மாதத்துக்கு 175 ரூபா. கதவு திறந்திருப்பதற்கு எங்கள் பங்கு அவ்வளவுதான்.

இது நமக்குப் புதியதுமல்ல. நம் உம்மும்மாமார் சீட்டுக் கட்டினார்கள். சனசமூக நிலையங்களில் சந்தா கட்டிப் பத்திரிகை வாசித்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இலங்கையில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1911 இலேயே வந்துவிட்டது. வணிகக் கல்வி படிக்கும் தோழியருக்கு 1844 இல் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் 28 பேர் சேர்ந்து தொடங்கிய கடை நினைவிருக்கும். ஆளுக்கு ஒரு பவுண் என்பது அந்த ஏழைத் தொழிலாளருக்குப் பெரிய தொகை. சிறுகச் சிறுகச் சேர்த்துத்தான் கட்டினார்கள். மாவும் வெண்ணெயும் சீனியும் விற்ற அந்தச் சிறிய கடையில், பங்கு போட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு இருந்தது. வாடிக்கையாளர் என்பதற்கும் அங்கத்தவர் என்பதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

இப்படிச் சொல்வதனால் எங்கே சந்தா கேட்டாலும் கட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் டெக்ஷொப் என்ற பெயரில் 2006 இல் தொடங்கிய பொதுப் பட்டறைகள் பல நகரங்களில் இருந்தன. மாதச் சந்தா கட்டினால் மரம், இரும்பு, தையல் என எல்லா வேலைக்கும் கருவி கிடைக்கும். 2017 நவம்பரில் அவை ஒரே நாளில் மூடப்பட்டன. முற்பணம் கட்டியிருந்தவர்கள் வாசலில் நின்றார்கள். பெரிய பணமும் நல்ல நோக்கமும் இருந்தும், வரவுக்கு மேல் செலவு போனால் எந்தக் கூடமும் நிற்காது.

சந்தா கட்டியவர் எல்லோரும் பயன் பெறுவதுமில்லை. என் தோழி ஒருத்தி உற்சாகத்தில் வேறோர் இடத்தில் கணினி வகுப்புக்கு ஒரு வருடக் காசைக் கட்டிவிட்டு இரண்டு நாள்தான் போனாள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தைப்பவர் நாட்கட்டணத்தோடு நிற்பதே நல்லது. கடன் வாங்கிச் சந்தா கட்டுவது வேண்டவே வேண்டாம்.

ஆகவே கட்டுவதற்கு முன் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். வரவு செலவை எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்களா? மெசின் பழுதானால் யார், எத்தனை நாளில் திருத்துவார்கள்? திறந்திருக்கும் நேரம் வீட்டு வேலைக்கும் பிள்ளைகளின் பாடசாலை நேரத்துக்கும் பொருந்துமா, இருட்ட முன் வீடு திரும்ப முடியுமா? கூட்டத்தில் அங்கத்தவருக்கு வாக்கு உண்டா? விலக விரும்பினால் எப்படி? இவற்றுக்கு நேரான பதில் கிடைக்காவிட்டால் சந்தா எவ்வளவு மலிவாக இருந்தாலும் கட்டக்கூடாது. கட்டினாலும் மாதம் மாதமாகக் கட்டுங்கள். வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் கழிவு தருகிறோம் என்றாலும் முதல் மூன்று மாதம் பொறுத்துப் பாருங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு வகுப்புக் கட்டணம் என்றால் உடனே காசு தருகிறீர்கள். சான்றிதழ் கிடைக்கும் என்பதால் தருகிறீர்கள். ஒரு கூடத்தின் சந்தாவுக்குச் சான்றிதழ் இல்லை. ஆனால் வேலை தெரிந்த பெண்களின் நடுவில் இருந்து வேலை பழகுவதும், நம் கூலியை நாமே சொல்லப் பழகுவதும், கணக்கு மட்டையைப் பார்த்துக் கேள்வி கேட்கப் பழகுவதும் கல்வி இல்லையா? வாய்ப்பிருந்தால் மகளை மட்டும் அனுப்பாதீர்கள், தாயும் மகளும் சேர்ந்து போகட்டும்.

இந்தக் கணக்குகளை எல்லாம் ஒரு தாளில் எழுதி வாப்பாவிடம் கொடுத்தேன். நாட்கட்டணம் மலிவு என்பதையும் மறைக்காமல் எழுதியிருந்தேன். அவர் இரண்டு முறை வாசித்தார். 3,200 ரூபா துண்டு விழும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்:

“மூணு பேர் சேர்ந்தாக் காணுமா?”

“ஓம் வாப்பா.”

“மூணு மாசத்துக்குப் பாப்பம். ஆர்ட பேர்ல எடுக்கப் போற, உன்ட பேர்லயா, உம்மாட பேர்லயா?”

அதுவரை நான் என் பெயரைத்தான் நினைத்திருந்தேன். இருபது வருடம் தைத்தவர் உம்மா. பல்கலைக்கழகம் கிடைத்தால் நான் போய்விடுவேன், உம்மா இங்கேதான் தைப்பார். உம்மாவின் பெயரிலேயே எடுத்தோம். முதல் மாதச் சந்தாவில் பாதி நான் சின்னப் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுத்த காசு, மீதி உம்மாவின் பிஸ்கட் டின்னிலிருந்து.

அங்கத்தவராகப் போன முதல் நாளே ஓவர்லொக் மெசின்களில் ஒன்று வேலை செய்யவில்லை. வழமையாக உம்மா இப்படியான இடத்தில் பேசாமல் திரும்பிவிடுவார். அன்று அவர் துணிப் பையை மேசையில் வைத்துவிட்டு, மட்டை மாட்டியிருந்த சுவரைப் பார்த்தார். பிறகு பொறுப்பாளரிடம் போய்க் கேட்டார்:

“திருத்த வேலைக்கு மாசம் காசு ஒதுக்கியிருக்குதானே. இத எப்ப திருத்துவீங்க?”