கால் போனா ஆளே போச்சா?

"அடிபட்ட பீஸ்ண்ணா அது. அதுக்குப் போய் எவனாவது காசைக் கொட்டுவானா?"

2023-ல் ரஃபேல் கிரிவெல்லாரோவை சென்னையின் எஃப்சி திரும்பக் கூப்பிட்டப்போ ஓசூர் பக்கம் எங்க பேரிகை ஊர் டீக்கடையில் விழுந்த வார்த்தை இது. வருஷம் போச்சு, வார்த்தை போகல. சீசனுக்கு சீசன் ஆள் பேர் மட்டும் மாறுது. நல்லா ஆடுற ஒருத்தன், முழங்கால்லயோ கணுக்கால்லயோ அடிபட்டு ஆறு மாசம் உட்கார்ந்து எழுந்தவன், கிளப் மாறுறான்னு செய்தி வந்தாப் போதும், உடனே தீர்ப்பு. கம்பெனியில ரிஜெக்ட் ஆனதைத் தனி டிரேல தள்ளிவிடுற மாதிரி ஆளையும் தள்ளிவிடுறாங்க. கேட்டுட்டு சும்மா இருக்க முடியல. வயிறு எரியுது.

கிரிவெல்லாரோ யாருன்னு மறந்துபோச்சா? 2019-20 இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) சீசன். டேபிள்ல கீழ கிடந்த டீம். பாதியில கோச் ஜான் கிரிகோரி போனார், ஓவன் காயில் வந்தார். அப்புறம் நடந்ததை பார்த்தவங்களுக்குத் தெரியும். கிரிவெல்லாரோ பந்தை வாங்கித் திரும்பும்போதே ஸ்ட்ரைக்கர் வால்ஸ்கிஸ் ஓட ஆரம்பிச்சிருப்பார். பாஸ் எங்க வரும், எப்போ வரும்னு அவருக்குத் தெரியும். வால்ஸ்கிஸ் அந்த சீசன்ல 15 கோல். 2020 மார்ச் 14, ஃபட்டோர்டாவில ஃபைனல். கொரோனாவால காலி ஸ்டேடியம். ஏடிகே 3-1னு ஜெயிச்சது. தோத்தாலும், கீழ கிடந்த டீம் அதுவரைக்கும் வந்ததுல கிரிவெல்லாரோவோட இடது காலுக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்த சீசன், 2021 ஜனவரி, ஒடிசாவோட மேட்ச். கணுக்கால் போச்சு. சீசன் முடிஞ்சது.

இதுல ஒரு விஷயத்தை யாரும் பேசறதில்ல. அந்த சீசன் மொத்தமும் கோவாவில, பயோ பபிளுக்குள்ள நடந்தது. 11 டீம், மூணே ஸ்டேடியம். பல சமயம் மூணு நாள், நாலு நாள் இடைவெளியில அடுத்த மேட்ச். ஓய்வுக்கு எங்க நேரம்? ஆட்டக்காரன் உடம்பைக் குறை சொல்ற வாய், அந்த அட்டவணையைப் பத்தி ஒரு வார்த்தை பேசுதா?

வேண்டாம்னு சொல்றவங்க பக்கமும் நியாயம் இருக்கு, மறுக்கல. 2021-22-லிருந்து ஐஎஸ்எல்-ல வெளிநாட்டுக்காரங்க கிரவுண்ட்ல நாலு பேர்தான். டீமுக்கே ஆறு பேர். அதுல ஒருத்தர் கட்டுப்போட்டு உட்கார்ந்தா, அந்த இடம் அப்படியே முடங்கும். பெரிய கிளப்பே மாட்டியிருக்கு. நெய்மாரை அல் ஹிலால் 2023 ஆகஸ்ட்ல வாங்குச்சு, சுமார் 90 மில்லியன் யூரோ. அக்டோபர்லயே முழங்கால் லிகமெண்ட் கிழிஞ்சது. மொத்தம் ஏழு மேட்ச். 2025 ஜனவரியில கணக்கை முடிச்சு அனுப்பிட்டாங்க. இதைக் காட்டிப் பேசினா நானும் கேட்டுக்கிறேன்.

ஆனா ராபனை மட்டும் ஏன் விட்டுடறீங்க? எப்பப் பார்த்தாலும் தொடை பிடிச்சுக்கிற ஆள்னு பேர் வாங்கினவர். 2009-ல பேயர்ன் மியூனிக் நம்பி வாங்குச்சு. அங்கயும் அடிபட்டார், உட்கார்ந்தார், எழுந்தார். 2013 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல 89-வது நிமிஷம் கோல் போட்டுக் கோப்பையை ஜெயிச்சுக் கொடுத்தது அதே கால்தான். பத்து வருஷம் அங்கயே ஆடினார். எப்போ ஆடவைக்கணும், எப்போ உட்காரவைக்கணும்னு பக்கத்துல இருந்து பார்க்க அங்க ஆள் இருந்தாங்க.

அதனால என்னைக் கேட்டா, வாங்கலாம். ஆளை வாங்கும்போது அவன் காலையும் சேர்த்து வாங்கணும், அவ்வளவுதான். சம்பளத்துல ஒரு பங்கை ஆடுற மேட்சுக்கு இவ்வளவுன்னு வைங்க. முதல் மாசம் இருபது நிமிஷம், முப்பது நிமிஷம்னு இறக்குங்க. பிசியோ 'வேண்டாம்'னா கோச் கேட்கணும், ஓனரும் கேட்கணும். இதுக்கெல்லாம் வக்கில்லாத கிளப், அடிபடாத ஆளை வாங்கினாலும் அடிபட்டவனாத்தான் ஆக்கும்.

கிரிவெல்லாரோ திரும்பி வந்த 2023-24 சீசன்ல, மூணு சீசனா பிளேஆஃப் பார்க்காத சென்னையின் பிளேஆஃப் போச்சு. காயிலும் அந்த வருஷம்தான் திரும்பி வந்தார். எல்லாம் கிரிவெல்லாரோ ஒருத்தராலன்னு சொல்ல வரல. 'செத்த காசு'ன்னு சத்தம் போட்டவங்க அப்போ எங்க போனாங்கன்னுதான் கேட்கிறேன்.

எனக்கு ரொம்ப வலிக்கிறது நம்ம நாட்டுப் பிள்ளைங்க கதை. 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம், ஐஎஸ்எல் ஃபைனல். எங்களுக்குச் சென்னை முன்னூறு கிலோமீட்டர், பெங்களூரு பக்கத்து வீடு. பேரிகைப் பசங்கள்ல பாதிப் பேர் பெங்களூரு எஃப்சி, சேத்ரி ஆளுங்க. மீதிப் பேர்தான் நாங்க. சேத்ரி முதல் கோல் போட்டப்போ இருந்த சத்தம் இன்னும் காதுல நிக்குது. அப்புறம் மெயில்சன் ரெண்டு கோல், ரஃபேல் அகஸ்டோ ஒண்ணு. 3-2னு சென்னையின் ஜெயிச்சது. அந்த ஃபைனலுக்கு எங்களைக் கொண்டு வந்தது யார்? செமிஃபைனல்ல கோவாவை 3-0ன்னு அடிச்சப்போ ஜேஜே ரெண்டு, வியாசர்பாடிப் பையன் தனபால் கணேஷ் ஒண்ணு.

அடுத்து என்ன ஆச்சு? கணேஷுக்கு முழங்கால். 2018-19 சீசன் முழுக்கப் போச்சு. ஜேஜேக்கும் முழங்கால். ஆபரேஷன். 2019-20 முழுக்கப் போச்சு. அப்புறம் ஈஸ்ட் பெங்கால் போனார், பழைய ஓட்டம் வரல. முப்பத்திரண்டு வயசுல ஆட்டத்தை விட்டுட்டு, 2023 தேர்தல்ல மிசோரம் எம்எல்ஏ ஆயிட்டார். நல்லா இருக்கட்டும். ஆனா அவருக்குக் கைதட்டினவங்கள்ல எத்தனை பேர், அடிபட்ட பிறகு "எப்படி இருக்கார்?"னு ஒரு தடவை விசாரிச்சிருப்போம்?

பெரிய கிளப் கதையை விடுங்க. எங்க டீம்ல ஒரு பையன், லெஃப்ட் விங். காலையில ஷிப்ட், சாயங்காலம் பிராக்டிஸ். எங்க கிரவுண்டு உங்களுக்குத் தெரியாது. செம்மண், வெயில் காலத்துல சிமெண்டு மாதிரி இறுகிடும். மேல கிரானைட் சில்லு. ஒரு செவன்ஸ் டோர்னமெண்ட்ல, பக்கத்துல ஆளே இல்ல, தனியாத் திரும்பினான். டப்புன்னு சத்தம். கோட்டுக்கு வெளிய நின்னவங்களுக்கே கேட்டது. சாயங்காலத்துக்குள்ள முட்டி வீங்கிப்போச்சு. ஐஸ் வைக்கக்கூட அங்க ஒண்ணும் இல்ல. வாட்டர் பாக்கெட்டை வெச்சு அழுத்தினோம்.

வீட்டுல நேரா புத்தூர் கட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. எலும்பு உடைஞ்சிருந்தா சரி. கிழிஞ்ச லிகமெண்ட்டுக்கு மூங்கில் பத்தை வெச்சுக் கட்டி என்ன பண்ண? மாசக்கணக்கா நொண்டிட்டு, கடைசியில ஓசூர்ல எம்ஆர்ஐ எடுத்தப்போதான் ஏசிஎல் லிகமெண்ட் கிழிஞ்சிருக்குன்னு தெரிஞ்சது. ஆபரேஷன் பண்ணினா திரும்ப ஆட ஒன்பது மாசமாவது ஆகும்னாங்க. சம்பளம் 21,000-க்குள்ளதான், இஎஸ்ஐ-ல பார்த்திருக்கலாம். அதுக்குள்ள கான்ட்ராக்டர் மாறிட்டார். பழைய ஆள் "இப்போ என் ரோல்ல இல்ல"ங்கிறார், புது ஆள் "இன்னும் சேர்க்கல"ங்கிறார். நொண்டுற காலோட ஷிப்ட்ல நிக்க முடியுமா? வேலை போச்சு. எம்ஆர்ஐ ஃபிலிம் இன்னும் அந்த ஸ்கேன் சென்டர் கவரோட அவங்க வீட்டு ஆணியில தொங்குது. இப்போ அவன் கிரவுண்டு பக்கம் வந்தா, "அவன் முட்டி போன கேஸ், எடுக்காதீங்க"ன்னு அவன் காதுபடவே சொல்றாங்க. இத்தனைக்கும் அவன் கூட ஆடின பசங்க.

தேசிய டீமுக்கு ஆடப்போய் ஒருத்தன் அடிபட்டு 28 நாளுக்கு மேல உட்கார்ந்தா, அவன் கிளப்புக்கு ஃபிஃபா நஷ்டஈடு கொடுக்குது. 2012-லிருந்து அப்படி ஒரு திட்டம் நடக்குது. மேல இருக்கிறவங்களுக்கு அதாவது உண்டு. கீழ இருக்கிறவனுக்கு? அட, கீழகூட வேண்டாம். 2025 ஜூலையில ஐஎஸ்எல் சீசனையே நிறுத்திவெச்சாங்க. ஃபெடரேஷனுக்கும் லீக்கை நடத்துற கம்பெனிக்கும் ஒப்பந்தம் புதுப்பிக்கல. ஆகஸ்ட்ல பெங்களூரு எஃப்சி சம்பளத்தை நிறுத்துச்சு, பின்னாடியே சென்னையின் எஃப்சியும். நல்லா ஓடுறவனுக்கே சம்பளம் இல்லைன்னா, அந்த நேரம் கால்ல கட்டோட படுத்திருந்தவன் பிசியோவுக்கு யார்கிட்டப் போய் நின்னிருப்பான்? அப்பவும் எங்க டீக்கடையில பேச்சு என்ன தெரியுமா? அடுத்த சீசன் யாரை வாங்கலாம், யாரைக் கழிச்சுவிடலாம்.

எங்க டோர்னமெண்ட் கமிட்டி சீக்கிரம் கூடும். ஒவ்வொரு வருஷமும் கோப்பை வளர்ந்துட்டே போகுது. போன தடவை தூக்க ரெண்டு பேர் வேண்டியிருந்தது. ஃபிளெக்ஸ்க்கு ஒரு காசு, மைக் செட்டுக்கு ஒரு காசு, தலைவர்களுக்குச் சால்வைக்கு ஒரு காசு. இந்தத் தடவை நான் எழுந்து கேட்கப்போறேன். கோப்பையில ஒரு அடி குறைங்க. அந்தக் காசுல மேட்ச் நடக்கிற நாள்ல ஒரு பிசியோ, ரெண்டு பெட்டி ஐஸ். ஆட்டத்துக்கு முந்தின நாள் கிரவுண்டுல சில்லு பொறுக்க ஆள் கூலி. பதிஞ்ச எல்லாருக்கும் விபத்து இன்சூரன்ஸ். "அதெல்லாம் யாருண்ணா அலைஞ்சு பார்க்கிறது?"ன்னு ஒருத்தர் கண்டிப்பா கேட்பார். நான் பார்க்கிறேன். ஓசூர்ல ஒரு பிசியோகிட்டப் பேசியாச்சு, ஞாயித்துக்கிழமைன்னா வர்றேன்னு சொல்லியிருக்கார். நீங்க பணத்தை மட்டும் ஒதுக்குங்க. அந்த லெஃப்ட் விங் பையன் பேரையும் லிஸ்ட்ல எழுதுங்க, கோச்சாவாவது நிக்கட்டும்.