புதுக் காமிரா வாங்கலாமா?

குளிர்காலம் பிறந்துவிட்டால் தில்லித் தமிழர்களில் ஒரு சாரார் கம்பளிக் குல்லாயும் நீண்ட லென்ஸுமாக ஓக்லா, சுல்தான்பூர், பரத்பூர் என்று கிளம்பிவிடுவார்கள். அடியேனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். (இதற்கு எங்கள் வீட்டில் வேறு பெயர் உண்டு; அது இங்கே வேண்டாம்.) இவர்கள் நடுவே இப்போது ஓயாமல் அடிபடும் கேள்வி ஒன்று உண்டு. பத்து ஆண்டுகளாக உழைத்த பழைய டிஜிடல் காமிராவை ஒதுக்கிவிட்டு, உள்ளே கண்ணாடி இல்லாத 'மிரர்லெஸ்' ரகத்துக்கு மாறலாமா, வேண்டாமா?

பொதுவாகப் பேசினால் வாதம் முடியாது. ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன். நம் அன்பர் ஒருவர், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர், கேனன் 7டி மார்க் 2 வைத்திருக்கிறார். கூடவே 100-400 லென்ஸ். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், "அப்பா, ஆர்7 வாங்கிக்கொள்ளுங்கள்" என்று நச்சரிக்கிறான். உடல் மட்டுமே லட்ச ரூபாய்க்கு மேல். அந்த அம்மாளின் முழங்கால் சிகிச்சைக்கும் இதே சேமிப்பில்தான் கை வைக்க வேண்டும். ஆகையால் இது வெறும் பொழுதுபோக்கு விவகாரம் அல்ல. என்னிடம் அபிப்பிராயம் கேட்டார். அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் புதியதற்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். 7டி மார்க் 2 வெளிவந்தது 2014ல். 20 மெகாபிக்சல், நொடிக்குப் பத்துப் படம், குவியம் பிடிக்க 65 புள்ளிகள். அந்த நாளில் காட்டுயிர்ப் படக்காரர்கள் அதைக் கொண்டாடினார்கள். அந்த வரிசையில் அடுத்த வாரிசு வரவே இல்லை. 2022ல் வந்த ஆர்7தான் மிரர்லெஸ் உருவில் அந்த இடத்துக்கு வந்தது எனலாம். 32.5 மெகாபிக்சல், மெக்கானிகல் ஷட்டரில் நொடிக்குப் பதினைந்து படம், எலக்ட்ரானிக் ஷட்டரில் முப்பது. ஆனால் உண்மையான வித்தியாசம் இந்த எண்களில் இல்லை. பறவையின் கண் எங்கே இருக்கிறது என்று காமிராவே தேடிக் கண்டுபிடித்து, அது தலையைத் திருப்பினாலும் விடாமல் பின்தொடர்கிறது. முன்பெல்லாம் ஒரு புள்ளியைப் பறவையின் மேல் வைத்துக்கொண்டு, அது எகிறியதும் நாமும் கூடவே சுழன்று, பத்துப் படத்தில் இரண்டு தேறினால் பெரிய காரியம். அந்தப் பாடு இப்போது பெரும்பாலும் மிச்சம்.

சரி, நம் அன்பர் எடுப்பது என்ன? பரத்பூரில் கூடு கட்டி உட்கார்ந்திருக்கும் மஞ்சள் மூக்கு நாரை, மரப்பொந்தில் தூங்கும் ஆந்தை, வயலில் ஜோடியாக நிற்கும் சாரஸ் கொக்கு. எல்லாம் சாவகாசமான ஆசாமிகள். இவற்றின் கண்ணைப் பிடிக்க 65 புள்ளிகளில் ஒன்றே போதும்!

அடுத்தது மெகாபிக்சல். இருபது முப்பத்திரண்டானால் படம் ஒன்றரை மடங்கு பெரிதாகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். நீளவாக்கில் கணக்குப் பார்த்தால் கூடுவது கால் பங்கை ஒட்டித்தான். அதுவும் காற்று தெளிவாக இருந்தால். ஜனவரி மாதத்தில் நம் ஊர்க் காற்றைப் பற்றி யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. காலை பத்து மணி வரை மூடுபனி, அதன் பின் ஈர நிலத்தின்மேல் அலையடிக்கும் வெப்பம். நூறு அடிக்கு அப்பால் இருக்கும் பறவையைச் சின்னப் பிக்சல்களில் எடுத்தால், அந்த மங்கலும் கூடவே நுணுக்கமாகப் பதிவாகும். அவ்வளவுதான் லாபம்! மங்கிய வெளிச்சத்தில் விழும் புள்ளி இரைச்சலும் பெரிதாகக் குறையாது. இரண்டுக்கும் சென்சார் ஒரே அளவு.

முப்பது படம் விஷயத்துக்கும் வருகிறேன். ஆர்7ல் எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை மேலிருந்து கீழாக நிதானமாகப் படிக்கிறது. அதற்குள் சிறகு இடம் மாறிவிடும். வேகமாகச் சிறகடிக்கும் வாத்தை எடுத்தால் இறக்கை ரப்பர்போல் வளைந்து விழும். முழுத் தரத்தில் எடுத்தால் இரண்டு நொடிக்குள் உள் நினைவகம் நிரம்பி, காமிரா மூச்சு வாங்க ஆரம்பிக்கும். ஆகவே பறக்கும் பறவைக்குப் பதினைந்துதான் நிஜமான கணக்கு. சத்தமே இல்லாத ஷட்டர், பக்கத்தில் மேயும் மானை எடுக்க மட்டும் வெகு சௌகரியம்.

விலைப் பட்டியலில் வராத செலவுகளும் உண்டு. பழைய லென்ஸைப் பொருத்த அடாப்டர் வேண்டும். 7டியில் போட்ட சி.எஃப். கார்டுகள் இதில் நுழையா. வேகமான புதுக் கார்டுகள் வேண்டும். பெரிய கோப்புகளுக்கு மற்றொரு ஹார்ட் டிஸ்க். (பழைய பாட்டரி பொருந்தும். அந்த வரைக்கும் புண்ணியம்.)

நம் அன்பருக்குச் சாதகமாக என் மனத்தில் பட்டது ஒன்றே. பழைய காமிராவில் படம் சரியாக வந்ததா என்று பின்பக்கத் திரையில் பார்க்க அவர் வாசிப்புக் கண்ணாடியைத் தேட வேண்டியிருக்கிறது. புதியதில் கண் வைக்கும் துளையிலேயே வெளிச்சம் எப்படி விழும் என்று தெரியும். எடுத்த படத்தையும் அங்கேயே பார்க்கலாம். எடையும் 300 கிராம் குறைவு. அறுபதைத் தாண்டியவருக்கு இவை இரண்டும் மெகாபிக்சலைவிடப் பெரிய விஷயங்கள். ஆனாலும் லட்ச ரூபாய் பெறுமா என்றால், எனக்கு மனம் ஒப்பவில்லை.

அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும். தில்லியிலிருந்து சுமார் 180 கிலோமீட்டரில் இருக்கும் பரத்பூருக்கு ஒவ்வொரு பருவத்திலும் போய் இரண்டு நாள் தங்கலாம். ஏன் இதை வற்புறுத்துகிறேன் என்றால், அங்கே வந்துகொண்டிருந்த சைபீரியக் கொக்கு 2002க்குப் பிறகு வரவே இல்லை. அதற்கு முன் ஃபிலிம் காமிராவோடு அங்கே போய் நின்றவரிடம் அதன் படம் இருக்கிறது. இன்றைய விலையுயர்ந்த காமிராவால் அதை எடுக்க முடியாது. அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன், பல பாகங்களைத் தாமே ஒட்டுப்போட்டுப் பொருத்திக்கொண்ட காமிராவில்தான் கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தார். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' வாசகர்கள் 1950 தொடங்கி 1996ல் அவர் மறையும் வரை அவரது பத்தியைப் படித்தார்கள்.

பறக்கும் பறவையே தம் பித்து என்கிறவர்கள், கையில் இன்னும் பத்தாண்டுப் பழைய காமிரா வைத்திருந்தால், தாராளமாக மாறட்டும்; அவர்களுக்கு இது வீண் செலவு இல்லை. அவர்களும் வாங்குமுன் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து, காஷ்மீரி கேட் பக்கம் யமுனைத் துறையில் குளிர்காலத்துக் கடற்காக்கைகளை எடுத்துப் பார்க்கட்டும். அவை தலைக்கு மேலேயே வட்டமிடும். நுழைவுச் சீட்டும் கிடையாது. இரண்டு காமிராவிலும் நூறு நூறு படம் எடுத்து, எத்தனை தேறின என்று வீட்டில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். நம் அன்பர் வருகிற ஞாயிறன்று அங்கே வருவதாகச் சொல்லியிருக்கிறார், 7டியோடு.