கோடைக்குப் போக கார் எதற்கு?

மே மாதத்துச் சனிக்கிழமை காலையில் அய்யலூர் வண்டிக்கருப்பணசாமி கோவில் பக்கம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் போதும், அன்று மதியம் கோடைக்கானலில் என்ன நிலைமை என்று சொல்லிவிடலாம். சென்னை, திருச்சி பக்கமிருந்து திண்டுக்கல் நோக்கி வரும் கார்கள் வரிசையாக நிற்கும். இறங்கி ஒரு கும்பிடு, உண்டியலில் காசு, மறுபடி வண்டி கிளம்பிவிடும். பின் சீட்டில் ஸ்வெட்டரும் சிப்ஸ் பாக்கெட்டும் தெரிந்தால் வண்டி எங்கே போகிறது என்று கேட்கவே வேண்டாம். கருப்பு வழித்துணைக்கு வருவார். ஆனால் ஏரிக்கரையில் பார்க்கிங் பிடித்துத் தருவது அவர் வேலை இல்லையே :-)

பார்க்கிங்கே இல்லாத ஊருக்கு இத்தனை கார்கள் ஏன் போகின்றன என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்வி நீதிமன்றம் வரைக்கும் போய்விட்டது. சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கோடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அந்தக் கோடை சீசனுக்கு எண்ணிக்கையும் வைத்தார்கள். கோடைக்கானலுக்கு வார நாட்களில் ஒரு நாளைக்கு 4,000 வண்டிகள், சனி ஞாயிறில் 6,000. அந்த மலை எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் பார்க்கும் வேலை சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூர் ஐ.ஐ.எம்.முக்கும் போனது.

உடனே எதிர்ப்பு. மலைக்குப் போகவும் பாஸா, வியாபாரம் என்ன ஆகும் என்று குரல்கள் கிளம்பின. நீலகிரியில் 2025 ஏப்ரலில் கடையடைப்பே நடந்தது. இந்தச் சத்தத்தில் ஒரு விஷயம் அமுங்கிப் போனது. கட்டுப்பாடு வண்டிக்குத்தான், மனுஷனுக்கு இல்லை. அரசுப் பேருந்தில் போகிறவருக்கு பாஸும் கிடையாது, எண்ணிக்கையும் கிடையாது. ஒரு பேருந்து ஐம்பது பேரை ஏற்றிப் போகிறது. அதே ஐம்பது பேர் காரில் போனால் பத்துப் பன்னிரண்டு கார் ஆகும். இதற்கு காமர்ஸ் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

"பஸ்ஸில் கஷ்டம்" என்பார்கள். அந்த மலைக்கு ஆட்கள் எப்படிப் போனார்கள் என்று தெரிந்தால் இந்த வார்த்தை வாயில் வராது. மதுரை அமெரிக்கன் மிஷன் பாதிரியார்கள் காய்ச்சலுக்குப் பயந்து முதலில் இடம் பார்த்தது நம் சிறுமலையில். அங்கும் காய்ச்சல் விடவில்லை. அதற்கப்புறம்தான் 1845-ல் பழனிமலை உச்சியில் வீடு கட்டினார்கள். 1875-ல் திருச்சி - மதுரை ரயில் பாதை வந்தது. அய்யலூர் வழியாகப் போகிறதே, அதே பாதைதான். அதில் வந்து அம்மையநாயக்கனூரில் இறங்க வேண்டும். அந்த ஸ்டேஷனுக்குத்தான் இன்றைக்கு கொடைக்கானல் ரோடு என்று பெயர். பெயரை நம்பி இறங்குகிறவருக்கு இன்னும் 80 கிலோமீட்டர் பாக்கி இருக்கும்! அங்கிருந்து மாட்டு வண்டியில் அடிவாரம். அடிவாரத்திலிருந்து நடை, இல்லாவிட்டால் மட்டக்குதிரை. அதுவும் முடியாத துரைகளையும் துரைசானிகளையும் நாற்காலியில் உட்கார வைத்து கூலியாட்கள் தோளில் சுமந்து ஏற்றினார்கள்.

ஏரி என்றால் 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் பெயர் வரும். கோக்கர்ஸ் வாக் என்றால் 1872, கோக்கர் பெயர். சுமந்து ஏற்றியவர்களில் ஒருவர் பெயர்கூட எந்தப் பலகையிலும் இல்லை. கார் ரோடு வந்து சுமார் நூறு வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் மேலே போன ஒவ்வொரு மூட்டையும் யாரோ ஒருவருடைய முதுகில்தான் போனது.

பேருந்தில் போனால் இன்னொன்றும் நடக்கும், வழி கண்ணில் படும். கார் ஓட்டுகிறவருக்குத் தெரிவது முன்னால் போகும் காரின் பம்பர் மட்டும். அய்யலூரிலிருந்து திண்டுக்கல், அங்கிருந்து செம்பட்டி, வத்தலக்குண்டு. வத்தலக்குண்டு தாண்டியதும் மலை எழும்ப ஆரம்பிக்கும். டம்டம் பாறைப் பக்கம் எதிர்மலையில் எலிவால் அருவி வெள்ளைக் கோடாகத் தெரியும், தண்ணீர் இருக்கும் காலமாக இருந்தால். பண்ணைக்காடு பிரிவு வந்தால் அந்தப் பக்கத்தில் பெருங்கற்காலத்து கல்திட்டைகள் இருக்கின்றன. வெள்ளைக்காரர் வருவதற்கு இரண்டாயிரம் வருஷம் முன்னாலேயே இந்த மலையில் ஆள் இருந்தார்கள் என்பதற்கு அவைதான் சாட்சி. 'கோடைக்கானல் வரலாறு' எழுதுகிறவர்கள் எல்லோரும் 1845-லிருந்தே ஏன் ஆரம்பிக்கிறார்களோ தெரியவில்லை. இன்னும் மேலே போனால் வெள்ளி நீர்வீழ்ச்சி. ஏரியில் நிரம்பி வழியும் தண்ணீர்தான் அங்கே விழுகிறது. மேலே ஏரியில் எறிகிற கப்பும் கவரும் எங்கே வரும் என்று யோசித்தால் அங்கே செல்ஃபி எடுக்கத் தோன்றாது.

ஊருக்குள் போன பிறகும் கார் தேவைப்படாது. பேருந்து நிலையத்திலிருந்து கோக்கர்ஸ் வாக், பிரையண்ட் பூங்கா, ஏரி எல்லாம் நடக்கிற தூரம்தான். ஏரியைச் சுற்றிவர ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். கொஞ்சம் தள்ளி இருப்பது சூரிய ஆய்வுக்கூடம். 1909-ல் எவர்ஷெட் என்பவர் சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தது அங்கேதான். நூறு வருஷத்துக்கு மேலாக சூரியனைப் படம் பிடித்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒரே நாளில் பதினைந்து 'பாயிண்ட்' பார்க்கும் கார் கூட்டத்தின் பட்டியலில் இதற்குப் பெரும்பாலும் இடமே இருக்காது.

எல்லோராலும் பேருந்தில் போக முடியாது என்பது நியாயமான பேச்சுதான். கைக்குழந்தை, வயசானவர்கள், வாந்தி எடுப்பவர்கள் எல்லாம் உண்டு. அதைவிடப் பெரிய குறை பேருந்துகள் பக்கம் இருக்கிறது. சீசனில் வத்தலக்குண்டில் நின்று ஏறுகிறவருக்கு உட்கார இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். இந்த நிலையில் "காரை விட்டு வாருங்கள்" என்று யாரிடமும் சொல்ல அரசாங்கத்துக்கு வாய் வராது. பாஸ் கொடுக்க ஒரு இணையதளம் போட்டால் மட்டும் வேலை முடியவில்லை. அடிவாரத்தில் பெரிய பார்க்கிங் வேண்டும், அங்கிருந்து கால் மணிக்கு ஒரு சின்னப் பேருந்து மேலே போக வேண்டும். வருகிற ஆள் குறைய மாட்டார்கள். வியாபாரிகள் பயப்படவும் காரணம் இருக்காது, ஏனென்றால் வறுக்கியும் சாக்லேட்டும் வாங்குவது கார் இல்லை, ஆள்.

குறிஞ்சி 2018-ல் பூத்தது. அடுத்தது 2030. அந்த வருஷம் பூவைப் பார்க்க வரப்போகும் கூட்டத்தின் முன்னால் இப்போது வருவதெல்லாம் ஒன்றுமே இல்லை. பார்க்கிங்குக்கு இடம் எடுக்க, பேருந்து வாங்க, ஓட்டுநர் சேர்க்க இருக்கிற காலம் அவ்வளவுதான்.