அசைவது கையா, கண்முன் நிற்பதா?



கேகாலை மாவட்டத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். இருபத்து மூன்று வயதான அவருடைய மகள், திருமண வீடுகளில் பெண்கள் பகுதியில் புகைப்படம் பிடித்துக் கொடுத்து வருகிறாள். வீட்டுப் பெண்கள் அந்நிய ஆண் ஒருவரின் கமராவுக்கு முன் நிற்பதை விரும்பாத குடும்பங்கள் அவளைத் தேடி வருகின்றன. இப்போது தொலைவிலுள்ளதை அருகே காட்டும் ஸூம் லென்ஸ் ஒன்று வேண்டும் என்கிறாள். கொழும்பில் பாவித்த பொருட்கள் விற்கும் கடையொன்றில் இரண்டு லென்ஸ்கள் இருக்கின்றன. விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று இலேசானது, கை நடுக்கத்தைத் தணிக்கும் பொறி உள்ளது. மற்றது பாரமானது, அந்தப் பொறி இல்லாதது. ஆனால் “வேகமானது” என்கிறார்கள். மகள் இலேசானதைக் கேட்கிறாள். அவளுடைய நானா, “தொழில் செய்பவர்கள் பாரமானதைத்தான் வைத்திருக்கிறார்கள்” என்கிறார். பணமோ உம்மா சீட்டுக் கட்டிச் சேர்த்தது. “எதை வாங்குவது?” என்று கேட்கிறார்.

பாடசாலை ஊடகக் கழகத்து மாணவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விதான் இது. கமரா பற்றி ஒன்றும் அறியாத தாய்மாருக்கும் விளங்கும்படி எழுதுகிறேன். வீட்டில் பணப்பெட்டியின் சாவி பெரும்பாலும் உங்களிடம்தானே இருக்கிறது!

முதலில் “வேகம்” என்ற சொல்லைப் பார்ப்போம். லென்ஸ் ஓடுவதுமில்லை, பறப்பதுமில்லை. கூடுதலான வெளிச்சத்தை உள்ளே விடும் லென்ஸையே வேகமானது என்கிறார்கள். லென்ஸின் மேல் 2.8 என்றோ 4 என்றோ ஓர் எண் இருக்கும். லென்ஸின் குவியத் தூரத்தை அந்த எண்ணால் வகுத்தால் வெளிச்சம் நுழையும் வாயிலின் அகலம் கிடைக்கும். 200 மில்லிமீற்றர் லென்ஸில் எண் 4 என்றால் வாயில் 50 மில்லிமீற்றர், எண் 2.8 என்றால் ஏறத்தாழ 71 மில்லிமீற்றர். எண் சிறிதாக வாயில் பெரிதாகும். பரப்பளவைக் கணக்கிட்டால் 2.8 லென்ஸ் மற்றதைப் போல் இரண்டு மடங்கு வெளிச்சத்தை விடுகிறது. அதற்குப் பெரிய கண்ணாடிகள் வேண்டும். அதனால்தான் பாரம்.

வாயிலின் அளவு படத்தை எப்படி மாற்றுகிறது என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்தவர் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம். கிரகணத்தின் வடிவம் பற்றிய தமது நூலில், சூரியன் பிறையாய்த் தெரியும் வேளையில் சிறிய துவாரத்தின் வழியே வரும் ஒளி பிறையாகவே விழுவதையும், துவாரம் பெரிதானால் அந்தப் பிறை வடிவம் மறைந்துவிடுவதையும் அவர் விளக்கினார். ஒளி நுழையும் வாயிலின் அளவைத்தான் இன்று லென்ஸின் மேல் எழுதப்பட்டிருக்கும் எண்ணும் குறிக்கிறது.

இனி, நடுக்கம் தணிக்கும் பொறி. தொலைவிலுள்ளதைப் பெரிதாக்கும் லென்ஸ், நம் கையின் நடுக்கத்தையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. 200 மில்லிமீற்றர் லென்ஸைக் கையில் பிடித்தால், செக்கனில் 200இல் ஒரு பங்கு நேரத்துக்குள்ளாவது படம் பதிய வேண்டும் என்பது பழைய விதி. அதற்கு மேல் நேரம் எடுத்தால் படம் கலங்கும். பொறியுள்ள லென்ஸில், கை எந்தப் பக்கம் அசைகிறது என்பதை நுண்ணிய உணரிகள் அறிந்து, உள்ளேயிருக்கும் ஒரு கண்ணாடித் தொகுதியை எதிர்ப் பக்கமாக நகர்த்துகின்றன. ஸூம் லென்ஸில் இந்த வசதியை கெனன் நிறுவனம் 1995இல் கொண்டு வந்தது. பின்னர் 2006இல் வந்த அதன் 70-200 மில்லிமீற்றர், 4 எண் லென்ஸ், நான்கு படிகள் வரை உதவும் என்று நிறுவனம் கூறியது. அதாவது 200இல் ஒரு பங்கு வேண்டிய இடத்தில் 13இல் ஒரு பங்கிலும் கலங்காத படம் எடுக்கலாம்.

நான்கு படிகள் எங்கே, 2.8 எண் தரும் ஒரு படி எங்கே என்று நினைப்பீர்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்தப் பொறி அடக்குவது படம் பிடிப்பவரின் கையைத்தான். படத்தில் இருப்பவரின் அசைவை அது அடக்காது. மணமகள் தலை திருப்பிச் சிரிக்கிறாள், உம்மும்மா கண்ணைத் துடைக்கிறார், பிள்ளைகள் ஓடுகிறார்கள். செக்கனில் 13இல் ஒரு பங்கில் பிடித்தால் சுவரும் கதிரையும் தெளிவாக இருக்கும், முகங்கள் புகைபோலாகிவிடும். சிரிக்கும் முகத்துக்கு 125இல் ஒரு பங்காவது வேண்டும்; ஓடும் பிள்ளைக்கு 500இல் ஒரு பங்கு வேண்டும். அதற்கு வெளிச்சமே மருந்து. இந்த விடயத்தில் நானா சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இது பழைய சிக்கல். பலாங்கொடைக்கு அப்பால், மலையின் மறுபக்கத்திலுள்ள பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் ஜூலியா மார்கரெட் கமரன் என்ற ஆங்கிலப் பெண்மணி, உலகம் அறிந்த புகைப்படக் கலைஞர். 1863இல் தம் 48ஆவது வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த கமராவால் கலையைத் தொடங்கினார். 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே காலமானார். அவர் ஒரு முகத்தைப் பதிக்கச் சில நிமிடங்கள்கூட ஆகும். அவ்வளவு நேரமும் எதிரில் இருப்பவர் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். மணவீட்டில் யாரை அப்படி இருக்கச் சொல்ல முடியும்?

ஆகவே வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: என் வேலையில் அசைவது என் கையா, எதிரில் உள்ளதா? நமது சப்ரகமுவையிலேயே இதற்கு உதாரணங்கள் உண்டு. பின்னவலையில் யானைகள் மகா ஓயாவில் குளிப்பது நல்ல வெயிலில். அங்கே 4 எண் லென்ஸிலும் செக்கனில் 1000இல் ஒரு பங்கு எளிதாகக் கிடைக்கும். உடவளவையின் திறந்த புல்வெளியும் அப்படியே. பாடசாலை மைதானத்து வலைப்பந்தும் அப்படியே. தேயிலைச் சரிவில் பனிமூட்டம் கலையாத காலையில் மலைத் தொடரைப் பிடிக்க நடுக்கம் தணிக்கும் பொறி அருமையாக உதவும், மலை அசையாதல்லவா? ஆனால் கலவானைக்கு அப்பால் குடாவை வழியாகச் சிங்கராஜ வனத்துக்குள் நுழைந்தால் பகலிலும் இருள்தான். அங்கே கிளைக்குக் கிளை தாவும் கெஹிபெல்லா என்ற நீலப் பறவைக்கு 2.8 தரும் வெளிச்சம் பெரிய உதவி.

இரவு மண்டபமும் ஒருவகையில் சிங்கராஜ வனம்தான். அப்படியானால் பாரமானதை வாங்குவதா? அதற்கு முன் தராசையும் பார்க்க வேண்டும். கெனனின் பழைய 2.8 லென்ஸ், அதாவது 1995இல் வந்த பொறியில்லாதது, 1310 கிராம். 2006இல் வந்த 4 எண் லென்ஸ் 760 கிராம். கமராவும் சேர்ந்தால் ஒன்று ஏறத்தாழ இரண்டு கிலோ, மற்றது ஒன்றரைக் கிலோ. வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். இரண்டு கிலோ அரிசிப் பையை முகத்துக்கு நேரே உயர்த்தி ஒரு நிமிடம் பிடிக்கச் சொல்லுங்கள். மருதோன்றி வைபவம் முதல் விருந்து முடியும் வரை நான்கு மணி நேரம் அதைச் சுமக்க வேண்டும். களைத்த கை அதிகமாக நடுங்கும். அந்த லென்ஸிலோ நடுக்கம் தணிக்கப் பொறியுமில்லை. பாரத்துக்குப் பயந்து அலுமாரியிலேயே இருக்கும் லென்ஸ் எவ்வளவு வேகமானதாக இருந்தென்ன? 2.8 எண்ணும் பொறியும் சேர்ந்த லென்ஸ்களும் உண்டு. கெனன் 2010இல் வெளியிட்டது 1490 கிராம். பாரமும் கூடியது, விலையும் கூடியது.

இன்னுமொரு வழி இருக்கிறது. ஸூம் செய்யாத, 85 மில்லிமீற்றர், 1.8 எண்ணுள்ள சிறு லென்ஸ் ஒன்றைப் பல நிறுவனங்களும் விற்கின்றன. 1992இல் வந்த கெனன் லென்ஸ் 425 கிராம்தான். 4 எண் லென்ஸைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு வெளிச்சம் தரும், 2.8ஐ விடவும் இரண்டு மடங்குக்கு மேல். அந்த ஸூம் லென்ஸ்களைவிட விலை மிகக் குறைவு. தூரத்தில் நின்று இழுத்துப் பிடிக்க அது உதவாது. ஆனால் உங்கள் மகள் பெண்கள் பகுதிக்குள் தாராளமாக நடமாடக்கூடியவள். மணமகளின் அருகிலேயே நிற்க முடிந்தவளுக்கு இரவு மண்டபத்தில் தொலை லென்ஸ் எதற்கு?

எனவே சகோதரி, என் ஆலோசனை இதுதான். சீட்டுப் பணம் முழுவதையும் ஒரே லென்ஸில் போட்டுவிடாதீர்கள். முதலில் அந்தச் சிறிய 85ஐ வாங்கிக் கொடுங்கள். மண்டப வேலைக்கு அது போதும். அந்த வருமானத்தில் மீதம் சேர்ந்ததும், பகல் வேலைக்கும் வெளிப்புறப் படங்களுக்கும் இலேசான, பொறியுள்ள ஸூமை வாங்கட்டும். அந்த இரண்டில் ஒன்றைத்தான் வாங்க வேண்டும் என்றாலும், மகள் கேட்டதே அவளுக்குப் பொருத்தம். இருட்டான நேரத்தில் கமராவின் ஒளியுணர்வு எண்ணை, அதாவது ஐ.எஸ்.ஓ.வை, 3200இலிருந்து 6400ஆக உயர்த்தினால், 2.8 தரும் அதே வேகம் 4இலும் கிடைக்கும். படத்தில் சிறிது மணல் தூவியது போலிருக்கும். மணல் தூவிய சிரிப்பை ஆல்பத்தில் வைக்கலாம், கலங்கிய சிரிப்பை வைக்க முடியாது.

நானா சொல்வது சரியாகும் இடமும் உண்டு. அவள் நாளை பாடசாலை மேடை நாடகங்களையோ உள்ளரங்க விளையாட்டுகளையோ மண்டபத்தின் கடைசியில் நின்று பிடிக்கப் போகிறாள் என்றால், 2.8ஐ விட்டால் வேறு வழியில்லை. பாரத்தைத் தாங்க ஒற்றைக் கால் தாங்கி ஒன்றும் வாங்கிக் கொள்ளட்டும். சில கமராக்களுக்குள்ளேயே நடுக்கம் தணிக்கும் வசதி இருக்கிறது. அத்தகைய கமரா இருந்தால் பழைய லென்ஸின் குறையும் ஓரளவு நீங்கும்.

பாவித்த லென்ஸ் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. நமது ஈரமான பிரதேசத்தில் லென்ஸின் முதல் எதிரி பூஞ்சணம். வாங்குமுன் இரு பக்க மூடிகளையும் கழற்றி, பின்புறத்திலிருந்து டோர்ச் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள் தெரிந்தால், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். பொறியுள்ளதானால், கமராவில் மாட்டி, பொத்தானைப் பாதி அழுத்தி, காட்சி அமைதியாகிறதா என்று பாருங்கள். வாங்கிய பின் தோல் பைக்குள் பூட்டி வைக்காமல், இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொதிகளுடன் வையுங்கள். பொதிகளை அடிக்கடி மாற்றுங்கள். மழைக் காலமானாலும் வாரம் ஒருமுறையாவது வெளியே எடுத்துப் பாவிக்கட்டும்.

மகளும் நானாவும் ஒருநாள் சேர்ந்தே கடைக்குச் செல்லட்டும். இரண்டு லென்ஸ்களையும் அவள் கையிலேயே கொடுத்து, ஒவ்வொன்றாகப் பத்து நிமிடம் பிடிக்கச் சொல்லுங்கள். சுமக்கப் போவது அவளுடைய தோள்தானே. கடைசி வார்த்தையும் அவளுடையதாகவே இருக்கட்டும்.