மஞ்சள் சிவப்பைக் கண்டு மிரளலாமா?

கர்நாடகத்துக்குத் தனிக்கொடி கேட்பது பிரிவினையின் முதல் படி என்கிறார்கள். அந்தக் கொடியின் கதையைப் படித்துவிட்டுப் பேசலாமே!

1960களில் கன்னட ஆர்வலர் மா. ராமமூர்த்தி உருவாக்கியது அந்த மஞ்சள் சிவப்புக் கொடி. மஞ்சளும் குங்குமமும்தான் அதன் நிறங்கள். எந்த வீட்டு வாசலிலும் அவை மங்கலம். ஆண்டுதோறும் மாநிலம் உருவான நாளான நவம்பர் 1 அன்று மாநிலமெங்கும் அது பறக்கிறது. இத்தனை ஆண்டுகளில் கர்நாடகம் எங்கே பிரிந்து போனது?

2018 மார்ச்சில் அப்போதைய முதல்வர் சித்தராமையா மாநிலக் கொடியாக வெளியிட்ட வடிவத்தில் நடுவே வெள்ளைப் பட்டை, அதில் இருதலைக் கண்டபேருண்டப் பறவை கொண்ட அரசு முத்திரை. அதே முத்திரை அரசுக் கடிதங்களில் இருந்தால் தேசபக்தி, துணியில் இருந்தால் துரோகமா?

அந்த வெளியீடு தேர்தல் நேரத்து அரசியல் என்பது நியாயமான விமர்சனம்தான். ஆனால் அது சித்தராமையாவின் நோக்கத்தைப் பற்றிய கேள்வி. கொடியின் தகுதியைப் பற்றியது அல்ல.

தேசியக் கொடிக்கு மேலே வேறெதுவும் பறக்கக்கூடாது என்று கொடி விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. அந்த விதியை மதித்துக் கீழே பறக்கும் கொடிக்கு அஞ்சுபவர்களுக்குத்தான் இந்திய ஒற்றுமையின் மீது நம்பிக்கை இல்லை.