படிக்காமல் தீர்ப்பா?



ஒரு புஸ்தகத்தைப் படித்துவிட்டு அது தப்பு என்று சொல்லுகிறவனோடு வாதாடலாம். படிக்காமலேயே தப்பு என்கிறவனோடு என்னத்தை வாதாடுவது? பெண்ணைப் பெண் நேசிப்பதைப் பற்றி எழுதப்பட்ட புஸ்தகங்களின் விஷயத்தில் பெரும்பாலும் இந்த இரண்டாவது மாதிரித் தீர்ப்புதான் நடந்து வந்திருக்கின்றது.

1928-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் ராட்கிளிஃப் ஹால் என்னும் அம்மையார் 'தி வெல் ஆஃப் லோன்லினெஸ்' (தனிமைக் கிணறு) என்று ஒரு நாவல் எழுதினார். பெண்ணை நேசிக்கும் பெண்ணின் வாழ்க்கையே அதன் விஷயம். ஆபாச வர்ணனை என்று சொல்லத்தக்கது தேடினாலும் அதில் அகப்படாது. எங்களையும் மனிதராக வாழ விடுங்கள் என்பதே அதன் சாரம். ஆயினும் ஒரு பத்திரிகாசிரியர், பிள்ளைகள் கையில் இதைக் கொடுப்பதைவிட விஷத்தைக் கொடுக்கலாம் என்கிற ரீதியில் எழுதினார். வழக்கு வந்தது. வர்ஜீனியா வுல்ஃப், இ.எம். ஃபார்ஸ்டர் முதலிய சுமார் 40 பேர் சாட்சி சொல்லக் காத்திருந்தார்கள். மாஜிஸ்திரேட் அவர்களுடைய அபிப்பிராயத்தைக் கேட்கவே மறுத்து, புஸ்தகத்தை அழிக்கும்படி உத்தரவு போட்டார்.

அப்பீலில் நடந்த வேடிக்கை இதைவிடப் பெரிது. அதை விசாரித்த 12 மாஜிஸ்திரேட்டுகளுக்குப் புஸ்தகத்தின் பிரதியே கொடுக்கப்படவில்லை. சர்க்கார் வக்கீல் பொறுக்கி வாசித்துக் காட்டிய பகுதிகளைக் காதால் கேட்டுவிட்டு, ஐந்தே நிமிஷம் கலந்து பேசி, முந்திய தீர்ப்பே சரி என்றார்கள். மாடு வாங்குகிறவன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தானே விலை பேசுகிறான்! ஒரு மனுஷியின் எழுத்துக்கு அந்த மரியாதையும் கிடையாதா? அதே புஸ்தகம் 1949-ல் இங்கிலாந்தில் மறுபடி வெளியாயிற்று. யாரும் வழக்குப் போடவில்லை. இங்கிலாந்து கடலில் மூழ்கிவிடவுமில்லை.

நிற்க. "இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர் சமாசாரம், நம் நாட்டில் ஏது?" என்பார்கள் சில கனவான்கள். 1942-ல் இஸ்மத் சுக்தாய் என்னும் அம்மையார் 'லிஹாஃப்' (ரஜாய்) என்ற கதையை உருதுவில் எழுதினார். பணக்காரக் கணவனால் மூலையில் தள்ளப்பட்ட ஒரு மனைவி தன் வேலைக்காரியிடம் ஆறுதலும் சுகமும் காண்பதை ஒரு சிறுமி பார்த்துச் சொல்லுவதாகக் கதை. இதற்காக அவரை லாகூர் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். எந்த வார்த்தை ஆபாசம் என்று கேட்டபோது ஒழுங்காகக் காட்ட முடியவில்லை, வழக்குத் தோற்றது. இதிலே கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தக் கதையில் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து வாடவிட்ட கணவன்மேல் எவருக்கும் கோபம் வரவில்லை. வாடினவள் ஆறுதல் தேடினாள் என்பதில்தான் ஒழுக்கம் கெட்டுப் போயிற்றாம்! இது ஒழுக்கத்தைப் பற்றிய கவலையா, பெண் நமது பிடியை விட்டுப் போகிறாளே என்கிற கவலையா?

அமெரிக்காவில் இன்னொரு தந்திரம் செய்தார்கள். இப்படிப்பட்ட கதையை அச்சிடலாம், ஆனால் முடிவில் அந்தப் பெண்கள் சந்தோஷமாக இருக்கக் கூடாது என்று பிரசுரகர்த்தர்கள் நிபந்தனை வைத்தார்கள். தபால் அதிகாரிகள் பறிமுதல் செய்வார்கள் என்ற பயம். 1952-ல் வந்த 'ஸ்பிரிங் ஃபயர்' என்ற நாவலின் முடிவு அப்படி வந்ததுதான். எதிர்த்துக் கேள்வி கேட்டவன் தலை வெடித்துச் செத்தான் என்று புராணத்தில் எழுதி வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தண்டனையைக் கதாசிரியனே எழுதி வைத்துவிட்டு, "பார்த்தாயா, இயற்கை தண்டித்தது!" என்பதா? அதே 1952-ல் பட்ரீஷியா ஹைஸ்மித், 'தி பிரைஸ் ஆஃப் சால்ட்' என்ற நாவலில் இரண்டு பெண்களும் சேர்ந்து வாழலாம் என்ற நம்பிக்கையோடு கதையை முடித்தார். ஆனால் அதைத் தம் பெயரால் வெளியிடவில்லை. சொந்தப் பெயர் போட 1990 வரை ஆயிற்று.

இவ்வளவுக்கும் மத்தியில் சிலர் அமைதியாக ஒரு வேலை செய்தார்கள். ஜேனட் ஃபாஸ்டர் என்னும் நூலகப் பெண்மணி, இலக்கியத்தில் இப்படிப்பட்ட பெண்கள் எங்கெங்கே வருகிறார்கள் என்று பல வருஷம் தேடித் தொகுத்து, 1956-ல் தம் சொந்தச் செலவில் அச்சிட்டார். அதே வருஷம் தொடங்கி 1972 வரை நடந்த 'தி லேடர்' பத்திரிகையில் பார்பரா க்ரியர் புனைபெயரில் மதிப்புரைகள் எழுதி வந்தார். எது நல்லது, எது குப்பை, எது பொய் என்று பிரித்துச் சொன்னார். தன்னைப் போல் உலகில் வேறொருத்தி இல்லை என்று மனம் புழுங்கிக் கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு அந்த நாலு வரி மதிப்புரை எவ்வளவு பெரிய உதவி!

ஆகவே, நம் மதிப்புரையாளர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். இவ்விஷயம் என்பதற்காகவே ஒரு புஸ்தகத்தைத் திட்டாதீர்கள். இவ்விஷயம் என்பதற்காகவே தூக்கிக் கொண்டாடவும் வேண்டாம். அதில் வருகிற பெண்களுக்குப் பசியும், கோபமும், வேலையும், புத்தியும் உண்டா, வெறும் பொம்மைகளா என்று பாருங்கள். அவர்களை ஆசிரியர் எதற்காகக் கொல்லுகிறார் என்று கேளுங்கள். மற்றப் புஸ்தகங்களை எந்தத் தராசில் நிறுப்பீர்களோ அதே தராசில் நிறுங்கள்.

சட்டமும் மாறிவிட்டது. வயது வந்தவர்கள் மனமொப்பி நடத்தும் தன்பால் உறவு குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. 2021-ல் சென்னை ஹைகோர்ட்டில், ஒருவரையொருவர் நேசித்த இரண்டு பெண்களின் வழக்கு வந்தபோது, நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள், இவ்விஷயத்தில் தமக்குப் போதிய அறிவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, மனோதத்துவ நிபுணரிடம் பாடம் கேட்டுக்கொண்ட பிறகே தீர்ப்பு எழுதினார். புஸ்தகத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காத அந்த 12 பேர் எங்கே, இவர் எங்கே! பகுத்தறிவு என்பது இதுவல்லாமல் வேறென்ன?

உங்கள் ஊர் வாசகசாலையில் இப்படிப்பட்ட புஸ்தகம் ஒன்றாவது இருக்கின்றதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்கி வைக்கச் செய்யுங்கள். படித்துவிட்டுப் பிடிக்கவில்லையானால் தாராளமாய்க் கண்டித்து எழுதுங்கள், ஆக்ஷேபணையில்லை. படிக்கு முன் மட்டும் வாயைத் திறக்க வேண்டாம்.